அளவின் மெய்ம்மை: போர்விமான மாதிரிகளை அமைக்கும் கலை

பெரும்பொருளொன்றைச் சிறுபொருளாக்கிக் காணும் வேட்கை மாந்தர்க்கு மிகப் பழையது. சிந்துவெளி அகழ்வுகளிற் கிடைத்த சுட்டமண் வண்டிகளும், கோயில் திருவிழாக் கடைகளில் விற்கப்படும் மரத்தேர்களும் அவ்வேட்கையின் வெளிப்பாடுகளே. ஆயினும், விளையாட்டுப் பொருள் வேறு, மாதிரி வேறு. விளையாட்டுத் தேர் உண்மைத் தேரை நினைவூட்டினாற் போதும். அதன் சில்லு பெருத்திருந்தாலும் சிகரம் சிறுத்திருந்தாலும் குழந்தை குறைகூறாது. மாதிரியோ மூலப்பொருளின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே விகிதத்திற் குறைத்துக் காட்டும் கடப்பாடுடையது. அவ்விகிதம் ஓரிடத்திற் பிழைப்பினும் அது மாதிரி என்னும் பெயருக்குத் தகுதியற்றதாகும்.

இத்தகைய மாதிரிகளுள் போர்விமான மாதிரிகள் தனியிடம் பெற்றவை. பொழுதுபோக்காக அவற்றை அமைப்போர் உலகெங்கும் உளர். பிறர் வேண்டுகோளை ஏற்று, கூலி பேசி, குறித்த ஒரு விமானத்தின் மாதிரியைக் குறித்த தவணையில் அமைத்துக் கொடுப்போரும் உளர். அருங்காட்சியகங்கள், விமானப்படைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றோர், போரில் மாண்டவர்களின் குடும்பத்தினர் ஆகியோர் அவர்களிடம் பணி கொடுப்பர். தன் மனமகிழ்ச்சிக்காகச் செய்பவன் தன் பிழையைத் தானே மன்னித்துக்கொள்ளலாம். பிறருக்காகச் செய்பவனுக்கு அவ்வுரிமை இல்லை. இவ்வேறுபாடே இக்கலையின் உயிர்நிலை. இதனைத் தெளிவாக விளங்கிக்கொள்ளக் கண்டி மாநகரும் அதன் சுற்றுப்புறமும் இரண்டு நல்ல சான்றுகளைத் தருகின்றன. அவற்றுள் ஒன்று உலகப் போர்க்காலத்தது. மற்றையது கண்டி மன்னர்காலத்தது. அவற்றைக் காணுமுன் அளவுமுறையின் அடிப்படையை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

விமான மாதிரிகளுக்குப் பெரிதும் வழங்கும் விகிதம் எழுபத்திரண்டில் ஒன்று ஆகும். இவ்வெண் எங்கிருந்து வந்தது என மாணவர் வியத்தல் கூடும். இதன் தோற்றம் மிக எளியது. ஆறு அடி உயரமுள்ள ஒரு மனிதனை ஓர் அங்குலமாகக் குறைத்தால் கிடைப்பதே இவ்விகிதம். ஆறு அடிக்கு எழுபத்திரண்டு அங்குலம் அன்றோ! 1930 களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்னும் பெயரில் விற்பனையான மரத் துண்டுத் தொகுதிகள் இவ்விகிதத்தைப் பரப்பின. 1936 இல் ‘ஃபுறொக்’ நிறுவனத்தார் ‘பென்குயின்’ என்னும் பெயரில் பிளாஸ்ரிக் தொகுதிகளை இதே விகிதத்தில் வெளியிட்டனர். போரின் பின்னர் 1953 இல் ‘எயர்ஃபிக்ஸ்’ நிறுவனம் வெளியிட்ட ஸ்பிற்பயர் விமானத் தொகுதி இதனைப் பள்ளிச் சிறுவர் கைகளிலும் சேர்த்தது.

இவ்விகிதப்படி கணக்கிட்டுப் பார்ப்பின் சில உண்மைகள் புலப்படும். கற்றலினா என்னும் கடற்பறப்பு விமானத்தின் இறக்கை 104 அடி அகலமுடையது. மாதிரியில் அது ஏறத்தாழ 44 சென்ரிமீற்றர் ஆகும். ஹரிக்கேன் போர்விமானத்தின் இறக்கை 40 அடி. மாதிரியில் ஏறத்தாழ 16.9 சென்ரிமீற்றர். யப்பானியரின் ஸீரோ விமானம், 1942 இல் வழங்கிய வகையில், 12 மீற்றர் இறக்கையுடையது. மாதிரியில் ஏறத்தாழ 16.7 சென்ரிமீற்றர். ஒன்றையொன்று வீழ்த்தப் பறந்த இவ்விரு விமானங்களின் மாதிரிகளையும் அருகருகே வைத்தால் இறக்கை அகலத்திற் காணப்படும் வேறுபாடு மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவே. அளவின் அருமை இங்கே விளங்கும். மூன்று மில்லிமீற்றர் கவனக்குறைவு நேர்ந்தால் நண்பனின் அளவு பகைவனின் அளவாகிவிடும்.

இது வெறுங் கணக்கு விளையாட்டன்று. வானத்திற் பறக்கும் விமானம் எவருடையது என ஒரு கணத்தில் முடிவு செய்தல் போர்க்காலத்தில் உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வினாவாயிற்று. போர் தொடங்கி மூன்றே நாட்களான 1939 செப்டெம்பர் 6 ஆம் நாள் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதிக்கு மேலே பிரித்தானிய ஸ்பிற்பயர் விமானங்கள் தம் நாட்டு ஹரிக்கேன் விமானங்கள் இரண்டைப் பகை விமானங்கள் என எண்ணிச் சுட்டு வீழ்த்தின. மொன்ரேகு ஹல்ற்றன்ஹறொப் என்னும் இளம் விமானி உயிரிழந்தார். அப்போரில் மாண்ட முதற் பிரித்தானியப் போர்விமானி அவரே. ராடார் நிலையத்தாரின் குழப்பமும் இதற்குக் காரணமாயிற்று. எனினும், இறுதியில் விசையை அழுத்தியது கண் கண்ட காட்சியை நம்பிய கையே.

இத்தகைய பிழைகளைத் தவிர்ப்பதற்குச் சிறந்த வழி, விமானங்களின் உருவத்தை எல்லாக் கோணங்களிலிருந்தும் மனத்திற் பதித்தலாகும். படம் ஒரு பக்கத்தையே காட்டும். மாதிரி எல்லாப் பக்கத்தையும் காட்டும். ஆகவே, 1942 இல் அமெரிக்கக் கடற்படையினர் தம் நாட்டு உயர்நிலைப் பள்ளிகளிடம் ஒரு பெரும்பணியை ஒப்படைத்தனர். ஐம்பது வகை விமானங்கள், வகைக்குப் பத்தாயிரம் மாதிரிகள், ஆக மொத்தம் 500,000 மாதிரிகள் என்பதே அவர்களின் வேண்டுகோள். பள்ளித் தச்சுக்கூடங்களில் மாணவர் மென்மரத்தைச் செதுக்கினர். அதிகாரிகள் அனுப்பிய வரைபடத்தின்படி அட்டையில் வெட்டிய வடிவங்களை மாதிரியின் மேற் பொருத்தி அளவு சரிபார்த்தனர். ஒளிராத கருநிறப் பூச்சுப் பூசினர். அளவிற் பிழைத்தவை ஏற்கப்படவில்லை. மாதிரி அமைக்கும் பணியை ஓர் அரசு தன் இளைஞரிடம் இத்துணைப் பெரிய அளவில் ஒப்படைத்த நிகழ்ச்சி வரலாற்றில் அரிது. பின்னர் சிக்காகோ நகரின் குறூவர் நிறுவனம் போன்றவை பிளாஸ்ரிக்கில் இத்தகைய மாதிரிகளைப் பெருமளவில் வார்த்துக் கொடுத்தன.

இம்மாதிரிகள் கருநிறம் பெற்றதற்குக் காரணம் உண்டு. தொலைவிற் பறக்கும் விமானத்தின் வண்ணமும் குறிகளும் கண்ணுக்குத் தெரியா. வானத்தின் ஒளியில் கரிய நிழலுருவமே தெரியும். எழுபத்திரண்டில் ஒன்றாகிய மாதிரியை 35 அடி தொலைவில் வைத்து நோக்கின், உண்மை விமானத்தை 2,520 அடி, அதாவது ஏறத்தாழ அரைமைல் தொலைவிற் காணும் தோற்றமே கிடைக்கும். ஒரு வகுப்பறையின் ஒரு மூலையில் மாதிரியைத் தொங்கவிட்டு மறு மூலையில் மாணவரை நிறுத்தினால் அரைமைல் வானம் அவ்வறைக்குள் அடங்கிவிடும். விகிதம் மெய்யாக இருந்தாலன்றி இப்பயிற்சி பயன் தராது. இறக்கை சற்று நீண்டிருந்தால் மாணவன் பொய்யான உருவத்தையே மனத்திற் கொண்டு போர்முனைக்குச் செல்வான்.

இலங்கை மக்கள் இவ்வினாவின் கொடுமையை 1942 ஏப்ரிலில் நேரிற் கண்டனர். அம்மாதம் 4 ஆம் நாள் கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலினா விமானமொன்றின் தலைவர் லெனாட் பேர்ச்சல், இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கடற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். செய்தி முடியுமுன் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவரும் எஞ்சியோரும் சிறைப்பட்டனர். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலையில் கொழும்பு தாக்கப்பட்டது. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன்கள் எழுந்து போரிட்டன. அதே வேளையில் திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து இரத்மலானை நோக்கி வந்த ஆறு சோட்பிஷ் விமானங்கள் ஸீரோக்களிடம் அகப்பட்டு ஆறுமே வீழ்ந்தன. அங்கொடையிலிருந்த மனநோய் வைத்தியசாலை மீதும் குண்டு வீழ்ந்தது. எண்ணெய்த் தாங்கிகள் எனத் தவறாகக் கருதியே அதன்மேற் குண்டு வீசினர் என்று கூறுவர். ஏப்ரில் 9 ஆம் நாள் திருகோணமலை தாக்குண்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேமிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது.

அன்று ஹரிக்கேனையும் ஸீரோவையும் வேறுபடுத்தியது அவற்றின் பருமன் அன்று என்பது முன்னர்க் காட்டிய கணக்கால் தெளிவு. வடிவமே வேறுபடுத்தியது. ஹரிக்கேனின் மூக்குக் கூர்ந்தது, முதுகு கூனியது, வயிற்றின் கீழே குளிர்விப்பான் தொங்கியது. ஸீரோவின் மூக்கு உருண்டையானது. விமானியின் கண்ணாடிக் கூடு நீண்டு முதுகின்மேல் எழுந்து நின்றது. இவற்றை மாதிரியிற் கண்டு பழகிய கண்ணுக்கு ஒரு கணம் போதும். பழகாத கண்ணுக்கு அக்கணமே இறுதிக்கணமாதல் கூடும்.

கண்டிக்கும் இவ்வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு இதன் பின்னர்த் தொடங்குகின்றது. 1943 இல் நேசநாடுகள் தென்கிழக்காசியப் படைத்தலைமையகத்தை அமைத்து மவுண்ட்பேட்டன் பிரபுவைத் தலைவராக்கின. 1944 ஏப்ரிலில் அத்தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு இடம்மாறியது. பேராதனைப் பூந்தோட்டத்தின் மரநிழலில் பணிமனைகள் எழுந்தன. பர்மாப் போரின் திட்டங்கள் மகாவலி கங்கை வளைந்தோடும் அத்தோட்டத்தில் ஆராயப்பட்டன. 1945 இன் பிற்பகுதியில் தலைமையகம் சிங்கப்பூருக்குச் சென்றது. 1952 இல் தோட்டத்துக்கு அண்மையிலேயே இலங்கைப் பல்கலைக்கழகம் குடிபுகுந்தது. இன்று அவ்வழியே செல்லும் மாணவர் பலர் அப்பழைய வரலாற்றை அறியார்.

ஆயினும், மாதிரி அமைப்போர் அதனை மறத்தல் இயலாது. பிரித்தானிய விமானங்களின் வட்டக்குறி நடுவிலே சிவப்புப் பொட்டுடையது. யப்பானிய விமானங்களின் குறியோ முழுச் சிவப்பு வட்டம். தொலைவிலிருந்து பார்ப்போர்க்குச் சிவப்பு எதுவாயினும் பகையாகவே தோன்றும். ஆகவே இப்போர்முனையில் வட்டக்குறியின் சிவப்பு நீக்கப்பட்டு, நீலமும் வெளிர்நிறமும் மட்டுமே எஞ்சின. அமெரிக்கர் 1942 மே மாதத்திலேயே தம் வெண்ணட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை அகற்றினர். பர்மாவில் 1944, 1945 ஆம் ஆண்டுகளிற் போரிட்ட தண்டர்போல்ற் விமானங்களின் இறக்கையிலும் வாலிலும் இனங்காண்பதற்கென வெண்பட்டைகள் தீட்டப்பட்டன. எனவே, 1942 ஏப்ரிலில் கொழும்பைக் காத்த ஹரிக்கேனுக்குச் சிவப்புப் பொட்டு வேண்டும். பேராதனைத் தலைமையகத்தின்கீழ்ப் பறந்த தண்டர்போல்ற்றுக்கு அது கூடாது. கடுகளவு சிவப்பு மாதிரியின் ஆண்டையே மாற்றிவிடும்.

இனி மன்னர்காலச் சான்று. பணித்தவர் ஒருவருக்காக அளவு பிழையாது பொருளமைத்துக் கொடுக்கும் மரபு கண்டி நாட்டுக்குப் புதியதன்று. பேராதனையிலிருந்து சிறிது தொலைவிலுள்ள எம்பக்கைத் தேவாலயம் கதிர்காமத் தெய்வத்துக்கு உரியது. முருக வழிபாட்டினர்க்கும் நெருக்கமான அக்கோயிலின் மரத்தூண்களில் அன்னமும் இருதலைப்புள்ளும் மற்போர் வீரரும் சிறு சதுரங்களுக்குள் செதுக்கப்பட்டுள்ளனர். கண்டியரசில் ‘பட்டல் ஹதர’ எனப்பட்ட நான்கு பட்டறைகளைச் சேர்ந்த கம்மியர் அரசனிடம் மானியநிலம் பெற்று அவன் பணித்தவற்றைச் செய்து கொடுத்தனர். மதுரை நாயக்கர் வழிவந்த சிறீ விக்கிரமராசசிங்கன் காலத்தில் தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி அமைத்த எண்கோண மண்டபம் தலதா மாளிகையின் முகப்பில் இன்றும் நிற்கின்றது.

ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட தம் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இக்கம்மியர் வாழ்வை விரிவாக ஆராய்ந்துள்ளார். உருவம் அமைப்போர் கைக்கொண்ட அளவு நூல்களையும் அங்கே அவர் எடுத்துக்காட்டினார். முகத்தின் நீளத்தை ஓர் அலகாகக் கொண்டு, உடலின் ஏனை உறுப்புக்களை அவ்வலகின் மடங்காகவும் பகுதியாகவும் கணிக்கும் தாள அளவுமுறை நம் சிற்பநூல்களுக்கும் பொதுவானது. விரலளவு படிமமாயினும் ஆளளவு படிமமாயினும் விகிதம் ஒன்றே. எழுபத்திரண்டில் ஒன்று என்னும் நவீன விதியும் தாள விதியும் நோக்கத்தால் வேறுபட்டன. ஒன்று கண்ட பொருளைக் குறைப்பது, மற்றையது காணாத தெய்வத்துக்கு உருத் தருவது. எனினும், செய்பவனின் விருப்பத்துக்கு மேலாக அளவை நிறுத்துதலில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. பணி கொடுத்தவனுக்கும் பணி செய்தவனுக்கும் இடையே நடுவராக நிற்பது அளவே.

இவ்விரு சான்றுகளையும் மனத்திற் கொண்டு, இன்று பணி ஏற்று மாதிரி அமைக்கும் முறையை நோக்குதல் தகும். முதற்படி கருவியை எடுத்தல் அன்று, வினாவுதல் ஆகும். ஹரிக்கேன் ஒன்று வேண்டும் என்பது போதிய விவரமன்று. எந்த வகை, எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு, எந்த மாதம், உடலில் எழுதப்பட்ட எழுத்தும் எண்ணும் யாவை, சில்லுகளை இறக்கி நிற்பதா மடக்கிப் பறப்பதா என்பன அறியப்படல் வேண்டும். வெப்பநாடுகளுக்கு அனுப்பப்பட்ட ஹரிக்கேன்களுக்கு மூக்கின் கீழே தூசி வடிகட்டி பொருத்தப்பட்டது. இங்கிலாந்திற் பறந்தவற்றுக்கு அது இல்லை. இத்தகைய விவரங்களை மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் வரைந்த மூவகைப் படங்களாலும், அக்காலப் புகைப்படங்களாலும், படைப்பிரிவின் பதிவேடுகளாலும் உறுதி செய்தல் வேண்டும். ஒரே விமானத்தைப் பற்றி இரு படங்கள் மாறுபடின் புகைப்படமே மேலான சான்று. புகைப்படமும் கறுப்பு வெள்ளையாயின் அதில் நிறத்தை ஊகித்தல் ஆபத்தானது.

இரண்டாம் படி ஒப்பந்தம். விகிதம், பொருள், நிறம், தவணை, கூலி, முற்பணம் யாவும் எழுத்தில் இருத்தல் நன்று. கூலியை நிறுவுவன மூன்று: மாதிரியின் பருமன், அவ்விமானத்துக்கு ஆயத்தத் தொகுதி கிடைக்குமா என்பது, சான்றுகளைத் திரட்ட வேண்டிய உழைப்பு. தொகுதி கிடையாத விமானத்தை மரத்திலோ பிளாஸ்ரிக் தகட்டிலோ முழுவதும் புதிதாக ஆக்க வேண்டும். அவ்வுழைப்புக்கு ஏற்ற ஊதியம் பெரும்பாலும் கிட்டுவதில்லை. மணிக்கணக்கில் நோக்கினால் தச்சருக்கும் மேசனுக்கும் கிடைக்கும் கூலிகூட மாதிரி அமைப்போருக்குக் கிடைக்காத வேளைகள் பல. பணி கொடுப்போர் இதனை உணர்தல் வேண்டும்.

மூன்றாம் படியே கைவேலை. மரமாயின் நன்கு உலர்ந்த, நெருங்கிய இழையுள்ள மென்மரம் ஏற்றது. படத்தின் பக்கத்தோற்றத்தை மரத்துண்டில் ஒட்டி அறுத்து, பின்னர் மேற்றோற்றத்தை ஒட்டி அறுத்தால் பெட்டிவடிவான உடல் கிடைக்கும். அதனை உளியாலும் அரத்தாலும் உருட்டி, குறுக்குவெட்டு வடிவம் வெட்டிய அட்டையை இடத்துக்கிடம் பொருத்திச் சரிபார்த்தல் வேண்டும். இறக்கைகள் உடலோடு சேருமிடத்தில் அவற்றின் மேல்நோக்கிய சாய்வு இருபுறமும் ஒத்திருத்தல் இன்றியமையாதது. ஒரு பாகை வேறுபட்டாலும் முன்னிருந்து நோக்குவோர்க்கு விமானம் நொண்டுவதுபோலத் தோன்றும். பிளாஸ்ரிக் தொகுதியாயின் பகுதிகளை ஒட்டி, இணைப்புக் கோடுகளை மக்கு இட்டு நிரப்பி, மென்மையான அரத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தல் முறை.

கண்டியின் காலநிலை இக்கைவேலைக்கு ஒரு சோதனை. மலைநாட்டு மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், வெயிலில் வெடிக்கும். ஈரம் மிகுந்த காற்றிற் செலுலோஸ் வகைப் பூச்சுகளைத் தெளித்தால் அவை உலரும்போது மேற்பரப்பைக் குளிரச் செய்து காற்றின் நீராவியை அதன்மேற் படியவைக்கும். பூச்சு வெண்மை படர்ந்து மங்கும். ஆகவே மழை ஓய்ந்து காற்று உலர்ந்த பொழுதையே பூச்சுக்குத் தெரிந்தெடுத்தல் வேண்டும். முதலில் அடிப்பூச்சு, பின்னர் இளநிறம், அதன்பின் கடுநிறம், இறுதியில் ஒட்டுப்படங்கள், அவற்றைக் காக்கும் வார்னிஷ் என்பது வரிசை. அவசரத்தால் வரிசையைக் குலைத்தவனுக்கு முழுப்பணியையும் சுரண்டி மறுபடி தொடங்குவதே கதி.

இவ்வாறு அளவு அளவு என வற்புறுத்தினும் அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள உலோகத் தகட்டை எழுபத்திரண்டாற் பிரித்தால் கிடைக்கும் தடிப்பு எந்தக் கைக்கும் அடங்காது. மாதிரியின்மேற் பூசும் பூச்சு ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கு தடிப்பாயின் உண்மை விமானத்தில் அது ஏழு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட சாந்துபோலாகும். தகடுகளைப் பிணைத்த தறையாணிகளை விகிதப்படி காட்டினால் கண்ணுக்குத் தெரியா. தெரியுமாறு காட்டினால் உண்மையில் அவை பாக்களவு பெரியனவாகும். நிறமும் அவ்வாறே. உண்மை விமானத்தின் கரும்பச்சையையும் மண்ணிறத்தையும் அப்படியே பூசினால் சிறு மாதிரி அளவுக்கு மீறிக் கறுத்துத் தோன்றும். தொலைவிலுள்ள பொருளை நாம் காற்றினூடே காண்பதால் அதன் நிறம் வெளிறும். கையருகே உள்ள மாதிரிக்கும் அவ்வெளிறலைச் சிறிது கலந்து கொடுத்தல் வேண்டும். எதைக் காட்டுவது, எதை விடுப்பது என்னும் தீர்ப்பே கைவினைஞனின் அறிவு. விடுத்தவற்றாலும் மெய்ம்மை காக்கப்படும்.

இதனினும் அரிய தீர்ப்பு மற்றொன்று உண்டு. பணித்தவரின் நினைவும் ஏட்டின் சான்றும் மாறுபடும்போது யாது செய்வது? தம் பாட்டனார் 1942 ஏப்ரிலில் ஸ்பிற்பயர் விமானத்திற் கொழும்பைக் காத்தார் எனக் குடும்பக்கதை கேட்டு வளர்ந்த ஒருவர் அம்மாதிரியை வேண்டுகின்றார் என வைத்துக்கொள்வோம். அந்நாளில் இலங்கையைக் காக்க எழுந்த போர்விமானங்கள் ஹரிக்கேன்களும் கடற்படையின் ஃபுல்மார்களுமே. ஸ்பிற்பயர் அன்று இங்கில்லை. அது இத்தீவுக்கு வந்தது பின்னரே. கேட்டதைச் செய்து கொடுத்தால் கூலி கிடைக்கும், பணித்தவரும் மகிழ்வார். ஆயினும், அப்பொருள் மாதிரியாகாது. அளவு பிழையாத கற்பனையாகும். நாளை அக்குடும்பத்துச் சிறுவன் அதனையே வரலாறு எனக் கற்பான். நேர்மையுள்ள கைவினைஞர் சான்றுகளை முன்வைத்து, பணிவுடன் உண்மையைக் கூறி, முடிவைப் பணித்தவரிடம் விடுவர். ஹரிக்கேனே பறந்தது என அறிந்தால் பாட்டனாரின் வீரம் குறையாது. பகைவரின் வேகமும் திறமும் மிக்க விமானத்தை அதனிற் குறைந்த ஒன்றைக்கொண்டு எதிர்த்தார் என அது உயரவே செய்யும்.

நினைவு என்றதும் பிறிதொரு செய்தியும் எண்ணத்தக்கது. கண்டியிலுள்ள போர் மயானத்தில் பொதுநலவாயப் படைவீரர் பலர் துயில்கின்றனர். தூய்மையாகப் பேணப்படும் அப்புல்வெளியில் ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர் உண்டு, வயது உண்டு, பெரும்பாலும் அது இளவயதே. போர்விமான மாதிரியை அழகிய பொருளாக மட்டும் நோக்குவோர்க்கு அக்கற்கள் ஒரு பாடம். வானிற் பறந்த ஒவ்வொரு விமானத்தினுள்ளும் ஒரு மனிதன் இருந்தான். அதன் கீழேயும் மனிதர் இருந்தனர்.

கீழே இருந்தோரின் நினைவு இந்நாட்டுத் தமிழ் மக்களுக்கு ஏட்டுச்செய்தியன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தோர் விமானத்தின் இரைச்சல் கேட்டவுடன் பதுங்குகுழிக்கு ஓடப் பழகியவர்கள். எவ்வகை விமானம் வருகின்றது என அதன் ஒலியாலும் உருவாலும் அறிந்துகொள்ளச் சிறுவரும் கற்றனர். அமெரிக்கப் பள்ளி மாணவர் மரத்திற் செதுக்கிக் கற்ற பாடத்தை அவர்கள் அச்சத்திற் கற்றனர். ஒருவரின் மேசையில் பெருமிதச் சின்னமாக நிற்கும் மாதிரி மற்றொருவருக்கு இழந்த வீட்டையும் உறவையும் நினைவூட்டுதல் கூடும். இதனால் இக்கலையை வெறுத்தல் வேண்டும் என்பதன்று. போர்க்கருவியின் உருவத்தை அமைப்போர் அதன் வேலையையும் மறைத்தலாகாது என்பதே கருத்து. மாதிரியின் அடியில் வைக்கும் பெயர்ப்பலகையில் விமானத்தின் வேகத்தையும் வீச்சையும் எழுதுவோர், அது எங்கே, எப்பொழுது, எவர்மேற் பறந்தது என்பதையும் எழுதலாம். அவ்வொரு வரி மாதிரியை அலங்காரப் பொருளினின்றும் உயர்த்தி வரலாற்றுச் சான்றாக்கும்.

இரத்மலானையில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குச் செல்லும் மாணவர் உண்மை விமானங்களை அருகிருந்து காணலாம். அவ்வாறு கண்டு, அளந்து, படம் வரைந்து, ஒரு சிறு மாதிரியைத் தம் கையால் அமைத்துப் பார்க்கும் மாணவன் கணிதத்தில் விகிதத்தையும், பௌதிகத்தில் காற்றின் இயல்பையும், வரலாற்றிற் சான்றை ஆராயும் முறையையும் ஒருங்கே கற்பான். இவற்றுக்கும் மேலாக, தன் விருப்பத்தை அளவுக்கு அடக்கும் பயிற்சியையும் பெறுவான். பிழையை மக்கு இட்டு மறைத்தல் எளிது. அறுத்து மீண்டும் செய்தல் அரிது. பிறர் பொருட்டுச் செய்யும் எத்தொழிலுக்கும் இது பொருந்தும். பணித்தவர் காணாத உட்பகுதியும் விகிதம் பிழையாதிருத்தல் வேண்டும் எனக் கருதிச் செய்பவனே கைவினைஞன். ஏனையோர் விற்பனைக்குப் பொருள் செய்வோர்.